சூழ்ந்து வருவோரிடையே ஒரு கம்பு

திருவிழா நாளில் உற்சவ மூர்த்தி இரதத்தில் எழுந்தருளித் திருவீதியுலா வரும்போது, நாதசுரமும் உறுமியும் முழங்க, இரதத்திற்கு முன்னே சிலம்பக் குழுவினர் கம்பு சுழற்றிச் செல்வது கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் மெய்யன்பர்கள் நெடுங்காலமாகக் கண்டு வரும் காட்சியாகும். கம்பு சுழலத் தொடங்கியதும் கூட்டம் தானாகவே நாற்புறமும் விலகுகிறது. ஆடுபவனைச் சுற்றி ஏறத்தாழப் பதினைந்து அடி குறுக்களவுள்ள வெற்றிடம் ஒன்று தோன்றுகிறது. சிறுவர்கள் கைதட்டுகின்றனர். பெரியவர்கள் "நன்றாக ஆடுகிறான்" என்று பாராட்டிவிட்டு இரதத்தின் பக்கம் திரும்பிக் கொள்கின்றனர். அந்த வெற்றிடம் எதற்காக என்று கேட்பவர் மிகச் சிலரே.

சிலம்பம் என்பது ஒருவரோடொருவர் மோதும் விளையாட்டு என்றே இன்று பலரும் எண்ணுகின்றனர். அது பாதி உண்மையே. எதிரே நிற்பவன் ஒருவன்தான் என்றால், கம்பை வலப்புறம், இடப்புறம், தலைக்கு மேல், முதுகிற்குப் பின் என இடையறாது சுழற்ற வேண்டிய தேவை எழுவதில்லை. ஒருவனை எதிர்க்க நேரான குத்து ஒன்றும் நல்ல தடுப்பு ஒன்றும் போதும். முதுகிற்குப் பின்னே கம்பு சுழல்கிறது என்றால், முதுகிற்குப் பின்னேயும் ஒருவன் நிற்கிறான் என்பது பொருள். இன்று அலங்காரமாகக் காட்சி தரும் அச்சுழற்சி, பலரால் சூழப்பட்ட தனி மனிதன் ஒருவன் உயிரோடு வெளியேறுவதற்காக வகுக்கப்பட்ட பயிற்சியின் எச்சமாகும்.

சிலம்புதல் என்பதற்கு ஒலித்தல் என்று பொருள். காற்றைக் கிழித்துச் செல்லும் கம்பின் ஒலியினால் இக்கலைக்கு இப்பெயர் வந்தது என்பர். சிலம்பு என்னும் சொல் மலையையும் குறிக்குமாதலின் குறிஞ்சி நிலத்தில் பிறந்த கலை என்று கூறுவாரும் உளர். இரண்டில் எது சரி என்ற வழக்கு இங்கே வேண்டுவதில்லை.

பலரிடையே தனித்து நிற்கும் நிலையைத் தமிழ் இலக்கண நூலார் தனியே பிரித்தறிந்து பெயரிட்டிருக்கின்றனர் என்பதே நாம் முதலில் கருதத்தக்கது. தொல்காப்பியப் புறத்திணையியலில் தும்பைத் திணையின் துறைகளுள் தார்நிலை என்பது ஒன்று. பகைவர் பலர் தன் வேந்தனைச் சூழ்ந்து மொய்த்துக் கொண்டபோது, வேறொரு பக்கம் போர் செய்து கொண்டிருந்த வீரன் ஒருவன் மீண்டு வந்து அவர்களைத் தாக்கி அரசனைக் காப்பது அத்துறையின் செய்தி. அத்திணையிலேயே எருமை என்றொரு துறையும் உண்டு. தன் படை உடைந்து ஓடும் வேளையில், படையின் பின்பகுதியில் ஒருவன் தனியனாய் நின்று, துரத்தி வருவோரைத் தடுப்பது அது. பின்னர் வந்த புறப்பொருள் வெண்பாமாலை இதனை எருமை மறம் என்று வழங்கும். கடா ஒன்று தலையைத் தாழ்த்திக் காலை ஊன்றி நிற்பதைக் கண்டவர்க்கு அப்பெயரின் பொருத்தம் விளங்கும்.

இவ்விரு துறைகளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இரண்டிலும் பகைவரை அடியோடு அழித்தல் பேசப்படவில்லை. முதலாவதில் ஒருவனைக் காப்பாற்றுதல். இரண்டாவதில் மற்றவர் தப்பிச் செல்வதற்குச் சிறிது நேரம் ஈட்டித் தருதல். பலரைத் தனியொருவன் எதிர்ப்பதன் பயன் இவ்வளவே என்று பழையோர் தெளிவாக வரையறுத்திருந்தனர். பிற்காலச் சிலம்ப ஆசான்களின் பாடமும் இதனையே சொல்கிறது.

வேந்தர்களின் போர்கள் ஓய்ந்த காலத்தும் இக்கலை ஓயவில்லை. காரணம் ஊர்க்காவல். தென்பாண்டி நாட்டிலும் அதனையடுத்த பகுதிகளிலும் ஊரின் பயிரையும் ஆநிரையையும் களஞ்சியத்தையும் காக்கும் பொறுப்பு, பாடிகாவல் என்ற பெயரில், காவல் மரபினரிடம் இருந்தது. காவலன் இரவில் தனியே நடப்பவன். திருட வருவோரோ கூட்டமாக வருபவர். அவனிடம் வாள் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், கம்பு இருக்கும். செங்கம் வட்டாரத்தில் கண்டெடுக்கப்பட்ட நடுகற்கள் பல, ஆநிரை கவர வந்த கூட்டத்தை எதிர்த்து மாண்ட வீரர்களின் நினைவாக எழுப்பப்பட்டவை. அவர்களுட் சிலர் எத்தனை பேரை எதிர்த்தனர் என்பதைக் கல் சொல்வதில்லை. ஆயினும் ஊரார் கல் நட்டு வழிபடும் அளவிற்கு அவர்களின் சாவு பெரியதாயிருந்தது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பணியாற்றிய ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் ஆங்கில அதிகாரி, 1830ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் படைவாழ்க்கை நினைவுகளில், சிவகங்கைச் சின்ன மருதுவே தமக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுத் தந்தார் என்று எழுதியிருக்கிறார். கற்றுக் கொடுத்தவரை எதிர்த்தே 1801ஆம் ஆண்டில் அவர் போருக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்று சென்னை அரசு அறிக்கை விடுத்தது. வாளும் ஈட்டியும் துப்பாக்கியும் போயின. மாட்டை ஓட்டவும் பாம்பை அடிக்கவும் பயன்படும் ஒரு கம்பை எந்த அரசால் முழுவதுமாகப் பறித்துவிட முடியும்? கம்பு நின்றது. அதனோடு கலையும் நின்றது.

அந்தக் கம்பே கடல் கடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, சேலம், ஆற்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் வழியாகப் பல்லாயிரவர் மலாயா வந்தனர். கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே 1886ஆம் ஆண்டில் இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அதனைச் சூழ்ந்து காப்பித் தோட்டங்களும் பின்னர் இரப்பர்த் தோட்டங்களும் பெருகின. பிரிக்பீல்ட்ஸில் இரயில்வே தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. 1901ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டபின் கப்பல் சுமைத் தொழிலாளரும் சேர்ந்தனர். 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு உதவிபெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை ஆண்டுதோறும் ஆட்கள் வந்து கொண்டேயிருந்தனர். வந்தவர்களின் தகரப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்பதைக் குடிநுழைவு ஏடுகள் ஒருவாறு சொல்லக்கூடும். அவர்களின் காலடியில் என்ன இருந்தது என்பதை எந்த ஏடும் சொல்லாது.

தோட்டத்தில் லயத்து வீடுகளின் கோடியில் ஒரு மாரியம்மன் கோவில். சற்றுத் தள்ளி, காட்டின் விளிம்பில், முனியாண்டிக்கோ மதுரைவீரனுக்கோ ஒரு மேடை. கோவிலுக்கு முன்னே மண்தரை. விடியுமுன் பிரட்டு, பின்னர்ப் பால்வெட்டு, பிற்பகலில் ஓய்வு எனக் கழியும் நாளில், மாலைப் பொழுதில் அந்த மண்தரையே பாடசாலையாயிற்று. ஆசான் என்பவர் பெரும்பாலும் தாமும் ஒரு பால்வெட்டுத் தொழிலாளியே. மூங்கில் கிடைக்காத இடங்களில் மலைநாட்டுப் பிரம்பு கைகொடுத்தது. பிரம்பு வளையும், எளிதில் பிளவுபடாது, கையில் சிராய் ஏற்றாது. இந்நாட்டுச் சிலம்பர்கள் இன்றளவும் பிரம்பை விரும்புவதற்கு இதுவே காரணம். தரையிலிருந்து நெற்றிவரை எட்டும் கம்பு, ஏறத்தாழ ஐந்தரை அடி, ஒருவனுக்குரிய அளவு. ஆளுக்கு ஏற்ற கம்பு என்பதால் ஒருவன் கம்பு மற்றொருவனுக்குச் சற்றே பொருந்தாது.

பலரை எதிர்கொள்ளும் பயிற்சி கம்பில் தொடங்குவதில்லை, காலில் தொடங்குகிறது. மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி, தெய்வத்தையும் குருவையும் வணங்கியபின், மாணவன் வெறுங்கையோடு காலடி பழகுவான். முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, கோணமாக ஓர் அடி, பின் நின்ற இடத்திலேயே திரும்பி எதிர்த் திசையில் அதே அடிகள். நான்கு திசைக்கும் இது தொடரும். சில ஆசான்கள் மாதக்கணக்கில் கம்பையே கொடுக்காமல் காலடி மட்டும் பழக்கினர் என்பது முதியோர் வாய்மொழி. சலித்துப் போய் ஓடியவர்களும் உண்டு. ஆனால் பலர் சூழ்ந்த இடத்தில் கால் பின்னிக் கொண்டால் கையிலுள்ள கம்பினால் பயனில்லை என்பதை எண்ணினால், ஆசானின் பிடிவாதத்திற்கு நியாயம் இருந்தது புலப்படும்.

காலடி படிந்தபின் கம்பு வரும். ஒருவனை எதிர்க்கும்போது கம்பை நடுவில் பற்றலாம். இரு முனையாலும் அடிக்கவும் தடுக்கவும் அது வசதி. பலர் எனில் பிடி அடிப்பக்கம் இறங்க வேண்டும். அப்போது கம்பின் நீளமும் கையின் நீளமும் சேர்ந்து ஏழு அடித் தொலைவுவரை வீச்சு எட்டும். இரத ஊர்வலத்தில் கூட்டம் விலகித் தரும் பதினைந்து அடி வட்டம் இந்தக் கணக்கினால் அமைவதே. அடிப்பக்கப் பிடியில் குத்து பயன்படாது. குத்திய கம்பை மீட்டெடுக்கும் அரை நொடியில் மற்றவன் உள்ளே வந்துவிடுவான். ஆகவே எல்லாம் வீச்சே. வலமிருந்து இடம் சென்ற வீச்சு நிற்காமல் தலைக்கு மேல் சென்று மீண்டும் வலத்தில் இறங்க வேண்டும். நின்ற கம்பு வெறுங்கம்பு. ஓடும் கம்பு வேலி.

அடுத்து, அந்த வேலி நடக்கப் பழக வேண்டும். ஆசான் நால்வரை நான்கு மூலைகளில் நிறுத்தி மாணவனை நடுவில் விடுவார். முதலில் நால்வரும் வரிசைப்படி, மெதுவாக, ஒவ்வோர் அடி இடுவர். மாணவன் ஒவ்வொன்றையும் வீச்சில் தட்டிவிட்டுத் திரும்புவான். பின் வரிசை மாறும். பின் வேகம் கூடும். கடைசியில் யார் அடிப்பார், எப்போது அடிப்பார் என்ற குறிப்பே இராது. இக்கட்டத்தில் மாணவர் பெரும்பாலோர் ஒரே தவற்றைச் செய்வர். எதிரே நிற்பவனின் கம்போடு தம் கம்பைப் பூட்டி, அவனை வென்றுவிட முயல்வர். ஒருவனோடு ஒருவன் ஆடும்போது பூட்டு நல்ல உத்தி. எதிரியின் கம்பையே பறித்துவிடலாம். நால்வர் நடுவில் பூட்டுப் போட்டவன் தன் கையைத் தானே கட்டிக் கொண்டவன். முதுகில் விழும் அடி அதனை அவனுக்குக் கற்பிக்கும். ஆசான் வாய் திறக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது தவறு நடுவிலேயே நிற்பது. வட்டத்தின் நடுவில் நிற்கும்வரை நால்வருக்கும் அவன் எட்டும் தொலைவிலேயே இருக்கிறான். ஒரு பக்கமாக விரைந்து நகர்ந்து, ஓரத்தில் நிற்பவன் ஒருவனுக்கு அருகே சென்றுவிட்டால், மற்ற மூவரும் அவனுக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நெருக்கிக் கொண்டு வர நேரும். நால்வர் சூழ்ந்த நிலை, ஒருவன் முன்னும் மூவர் வரிசையிலும் என்று மாறிவிடுகிறது. எத்தனை பேர் சூழ்ந்தாலும் ஒரே கணத்தில் கம்பு ஓங்கக் கூடியவர் மூவரோ நால்வரோதான். எஞ்சியோர் தம் கூட்டாளிகளின் முதுகையே பார்த்துக் கொண்டிருப்பர். அதனால்தான் நால்வரை வைத்துப் பழகினால் போதும் என்று வகுத்தனர் போலும். பதின்மரை நிறுத்துவது காட்சிக்கு உதவும், கல்விக்கு உதவாது.

மூன்றாவது பாடமே கடினமானது. வட்டத்தில் எவன் தயங்குகிறானோ, எவன் கால் ஊன்றாமல் நிற்கிறானோ அவன் இருக்கும் இடமே வாசல். கையிலோ முழங்காலிலோ ஓர் அடி. அவன் விலகியதும் அவ்வழியே வெளியேறிவிட வேண்டும். வெளியேறியபின் திரும்பி நின்று மேலும் இரண்டு அடி கொடுக்க ஆசைப்படும் இளைஞனை ஆசான் மீண்டும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார். வயது பதினெட்டில் இதனைவிடக் கசப்பான தண்டனை வேறில்லை. வழி திறந்தபின்னும் நின்று அடிப்பவன் மீண்டும் சூழப்படுவான் என்பதே பாடம். எருமை மறத்தின் எல்லையும் இதுவே அல்லவா? துணைவர் தப்பியபின் நிற்பவன் நிற்பது வீரத்திற்கன்று, வீம்பிற்கே.

இவற்றோடு தொடர்புடைய பழைய பந்தயம் ஒன்றும் உண்டு. பண முடிப்பு ஒன்றைக் கால்களுக்கிடையே தரையில் வைத்து, அதனைப் பறிக்க வருவோரிடமிருந்து கம்பினால் காப்பது. காவல்காரனின் வேலையே அங்கு விளையாட்டாகிவிட்டது. இதில் ஆடுபவன் விரும்பினாலும் ஓட முடியாது. முடிப்பு அவனைக் கட்டிப் போட்டிருக்கிறது. தன் உயிரை மட்டும் காப்பதற்கும் தன்னிடம் ஒப்படைக்கப்பட்டதைக் காப்பதற்கும் காலடி வேறுபடும் என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலாது. சுழலும் கம்பின் மீது கல்லையோ எலுமிச்சம்பழத்தையோ எறிந்து, ஒன்றும் உடலில் படாமல் தட்டிவிடும் சோதனையையும் பலர் பெருமையுடன் கூறுவர். அது கைவேகத்தைக் காட்டும் என்பது மெய். ஆயினும் கல்லுக்குத் தந்திரம் தெரியாது, மனிதனுக்குத் தெரியும். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது மிகையே.

இப்பயிற்சி தமிழர்க்கு மட்டுமே உரியது என்று பெருமை கொள்வதற்கில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மலாக்காவைப் போர்த்துகீசியர் டச்சுக்காரரிடம் 1641ஆம் ஆண்டில் இழந்தனர். பத்து ஆண்டுகள் கழித்து, 1651இல், தியோகோ கோமெஸ் தெ ஃபிகெய்ரெதோ என்னும் போர்த்துகீசியப் படை அறிஞர், மொந்தாந்தே எனப்படும் இருகைப் பெருவாளைப் பற்றிப் பயிற்சி நூல் ஒன்று எழுதினார். அதில் எளிய விதிகள் பதினாறு, கூட்டு விதிகள் பதினாறு. அவற்றுட் பல ஒருவன் பலரை எதிர்கொள்வதற்கானவை. குறுகிய தெருவில் முன்னும் பின்னும் ஆள் வந்தால் எப்படி வீசுவது, அகன்ற தெருவில் எப்படி நடப்பது, உடன் வரும் பெண்ணைச் சுற்றி நின்று எப்படிக் காப்பது, தரையில் கிடக்கும் மேலங்கியை எப்படிக் காவல் செய்வது என்றெல்லாம் அவர் வகுத்திருக்கிறார். தரையில் கிடக்கும் மேலங்கியும் நம்மவரின் பண முடிப்பும் ஒரே சிந்தனையின் இரு பிள்ளைகள். வாள் வேறு, கம்பு வேறு, கடல் வேறு. சூழப்பட்ட மனிதனின் இக்கட்டு ஒன்றே ஆதலின், விடையும் ஏறத்தாழ ஒன்றாகவே வந்திருக்கிறது. அவர் எழுதி வைத்தார், நம்மவர் காலடியில் வைத்தனர். எழுதியது நூலகத்தில் இருக்கிறது. காலடியில் வைத்தது, கால்கள் இருக்கும்வரைதான் இருக்கும்.

சப்பானியரின் ஐக்கிடோவில் பலர் ஒருங்கே வந்து தாக்கும் பயிற்சி உண்டு. மசுதத்சு ஒயாமா நிறுவிய கியோகுஷின் கராத்தேயில் நூறு பேரை எதிர்க்கும் சோதனை புகழ் பெற்றது. ஆனால் அந்நூற்றுவரும் ஒருவர்பின் ஒருவராகவே வருவர். அது மூச்சுக்கும் மன உறுதிக்கும் சோதனை, சூழப்படுவதற்கான சோதனை அன்று. தமிழ்த் திரைப்படச் சண்டைகளிலும் இதுவே நிகழ்கிறது. மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். உண்மையிலேயே கம்பு கற்றவர். அவர் கம்பெடுத்து ஆடிய படங்கள் மலாயாத் தோட்டங்களில் வெண்திரை கட்டிக் காட்டப்பட்ட நாட்களில், மறுநாள் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் கையில் குச்சியோடு திரிந்தனர். சிலம்பத்திற்கு அவரைப் போல் விளம்பரம் தந்தவர் வேறெவரும் இலர். ஆயினும் திரையில் பத்துப் பேர் சூழ்ந்து நின்று, ஒருவன் அடி வாங்கி விழும்வரை ஒன்பது பேர் மரியாதையுடன் காத்திருப்பர். களத்தில் அந்த மரியாதையை எவரும் எதிர்பார்த்தல் கூடாது.

கம்பு ஏந்திய தமிழ்த் தொழிலாளரைக் காலனி ஆட்சியினர் ஐயத்தோடே நோக்கினர். 1941ஆம் ஆண்டில் ஆர். எச். நாதன் முதலியோர் தலைமையில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். சம்பள உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற இழிவு ஒழிய வேண்டும், கள்ளுக்கடை மூடப்பட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளி வேண்டும் என்பன அவர்களின் கோரிக்கைகள். நாதன் மே மாதத்தில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது, தொழிலாளர் சிலர் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தனர். போருக்குப் பின், 1946, 1947ஆம் ஆண்டுகளில், கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்து அணிவகுத்துப் பயிற்சி செய்தபோதும் அரசு அதனை ஒடுக்கியது. 1948இல் அவசரகாலம் வந்தது. மாலைக்குமேல் பலர் கம்போடு ஓரிடத்தில் கூடுவது எளிதாயிருக்கவில்லை. கோவில் திருவிழாவிற்கான ஒத்திகை என்ற பெயர் இருந்தமையால் மட்டுமே பல இடங்களில் பயிற்சி தொடர்ந்தது என்று கொள்வதில் தவறில்லை. சாமிக்கு முன் ஆடுவதை நிறுத்தச் சொல்லத் துரைமார்க்கும் தயக்கம் இருந்திருக்கும்.

அப்பழைய ஐயம் வேறு உருவில் நம்மவரிடையேயும் புகுந்தது. கம்பு கற்பவன் சண்டைக்காரன், நாளை குண்டர் கும்பலில் சேர்வான் என்று அஞ்சிப் பிள்ளைகளை அனுப்ப மறுத்த பெற்றோர் எக்காலத்தும் இருந்தனர். அவர்களின் அச்சத்தை முற்றாகத் தள்ளிவிட முடியாது. கும்பலாகச் சேர்ந்து ஒருவனை அடிப்பதே கோழைகளின் வழக்கமாக இருக்கும்போது, கலையைக் கற்றவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பது ஆசானைப் பொறுத்தது. ஆனால் மேலே கூறிய பாடத்தை நோக்குக. நால்வரில் ஒருவனாக நின்று அடிப்பவனுக்கு இதில் கற்றுக்கொள்ளப் பெரிதாக ஒன்றுமில்லை. பாடம் முழுவதும் நடுவில் நிற்பவனுக்கே. பயிற்சியில் ஒவ்வொருவனும் முறை வைத்து நடுவில் நிற்கிறான்; ஒவ்வொருவனும் முதுகில் அடி வாங்குகிறான். அப்படி அடி வாங்கியவன் மற்றொருவனைச் சூழ்ந்து கொள்ளத் தயங்குவான் என்பதற்கு உறுதி இல்லையெனினும், வாய்ப்பு உண்டு.

நம் நாட்டுச் சட்டமும் ஈண்டு நினைக்கத்தக்கது. இந்தியத் தண்டனைச் சட்டத்தை அடியொற்றி எழுந்த மலேசியத் தண்டனைச் சட்டம், 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்புரிமையை வரையறுக்கிறது. தற்காப்பிற்குத் தேவையான அளவிற்கு மேல் தீங்கு செய்ய அவ்வுரிமை இடந்தராது என்பதை 99ஆம் பிரிவு சொல்கிறது. வழி திறந்ததும் வெளியேறு என்ற ஆசானின் கட்டளை, சட்ட நூல் படிக்காத ஒரு பால்வெட்டுத் தொழிலாளியின் வாயிலிருந்து வந்தது. சட்டத்தோடு அது இயைந்து நிற்கிறது. பொது இடத்தில் தாக்கும் கருவிகளை ஏந்தித் திரிவதை 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. ஆதலின் தெருவில் இன்று எவர் கையிலும் கம்பு இராது, இருத்தலும் ஆகாது. எஞ்சுவது காலடியும் கண்ணும். ஓரம் நோக்கி நகர்தல், ஒருவனோடு சிக்கிக் கொள்ளாமை, வாசலைத் தேடுதல் ஆகிய மூன்றிற்கும் கம்பு வேண்டுவதில்லை.

இன்று சிலம்பத்திற்கு நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும். பினாங்கில் நிலைக்கலக்கி மரபு பேணப்பட்டு வந்திருக்கிறது. அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் 1977ஆம் ஆண்டிலேயே ஜே. டேவிட் மனுவேல் ராஜ் சிலம்ப வரலாறு பற்றி ஆய்வேடு எழுதினார். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுகளில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. மலேசியாவிலும் பதிவு பெற்ற சங்கங்கள் போட்டிகள் நடத்துகின்றன. பெண்பிள்ளைகளும் முன்வந்து கம்பு பிடிக்கின்றனர். போட்டி என்றால் விதி வேண்டும், நடுவர் வேண்டும், புள்ளி வேண்டும். ஒருவர் மற்றொருவரைத் தொட்டால் புள்ளி. அல்லது தனியே சுழற்றிக் காட்டினால் அழகிற்குப் புள்ளி. நால்வர் சூழ்ந்த ஒருவனுக்கு எப்படிப் புள்ளி இடுவது? எந்த நடுவராலும் இயலாது. எனவே அப்பகுதி போட்டியில் இல்லை. போட்டியில் இல்லாததைப் பயிற்றுநர் கற்பிக்க நேரம் ஒதுக்குவதில்லை. மாணவனும் கேட்பதில்லை. சுழற்சி மட்டும் எஞ்சி, அது எதற்கு என்ற கேள்வி உதிர்ந்துவிட்டது.

இடமும் போயிற்று. எஃபிங்ஹாம் தோட்டம் இருந்த இடத்தில் 1950களில் பெட்டாலிங் ஜெயா எழுந்தது. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவாயிற்று. பிராங் பெசார் தோட்டம் 1990களில் புத்ராஜெயாவாகத் தொடங்கியது. அங்கிருந்த குடும்பங்கள் டிங்கிலில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. லயத்துக் கோடியில் இருந்த மண்தரை அடுக்குமாடியில் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் பதினைந்து அடி வட்டம் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஐந்தரை அடிக் கம்பை வீசினால் யாருடைய கண்ணாடியாவது உடையும். பல்நோக்கு மண்டபத்தில் மேலே மின்விசிறி. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் அந்த அளவு வெற்றிடமும், மாலையில் விளக்கும், கேட்பாரற்ற உரிமையும் ஒருங்கே உள்ள இடம் இன்று கோவில் வளாகம் ஒன்றே.

இடத்தைவிட அரியது ஆள். சுழற்சியைத் தனியே பழகலாம், தொடுமுறையை இருவர் பழகலாம். இந்தப் பயிற்சிக்கு மட்டும் நடுவில் ஒருவன், மூலைக்கு ஒருவன் என ஐவர் வேண்டும், அருகே ஆசானும் வேண்டும். ஒரே தோட்டத்தில், ஒரே நேரத்தில் வேலை முடித்து, ஒரே கோவிலுக்கு முன் கூடிய காலத்தில் ஐவரைச் சேர்ப்பது ஒரு பொருட்டே அன்று. இப்போது ஒருவனுக்கு இரவு முறை வேலை, ஒருவனுக்குத் துணைப்பாட வகுப்பு, ஒருவன் ஷா ஆலமிலிருந்து நெரிசலில் வர வேண்டும், ஒருவன் வராமலே இருந்துவிடுகிறான். எஞ்சிய ஒருவன் ஆசானுக்கு முன்னே தனியாகக் கம்பு சுழற்றிக் கொண்டிருக்கிறான்.